விரல்களை எண்ணி அனுப்பவும்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் கல்முனைத் தபாற்கந்தோரில் தந்தி எழுத்தனாக இருந்தேன். கம்பி வழியே வரும் ஒலியைக் காதில் வாங்கி, எழுத்தாக்கி, தாளில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பெரும்பாலும் யாருக்கோ சுகமில்லை, உடனே வா என்றிருக்கும். இல்லாவிட்டால் நெல் லொறி புறப்பட்டுவிட்டது என்றிருக்கும். வருகிற செய்தி எதுவும் என்னுடையதல்ல என்ற நினைப்போடுதான் அந்தக் கதிரையில் உட்கார முடியும்.

அந்த மாரியில் என் மூத்த சகோதரியின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சகோதரியை நான் ராத்தா என்பேன், அவரை மச்சான் என்பேன். கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்குள்ளேயே ராத்தாவின் வீடும் இருந்தது. மச்சானோடு அந்தத் தோணியில் போனவர் ஒரே ஒருவர்தான். மச்சானின் தங்கையைக் கட்டியவர். அவரை நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். அந்த உறவால் அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் 'மச்சான்' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மழை சில நாட்கள் விட்டிருந்தது. கடலும் தணிந்தது போலிருந்தது. அதை நம்பித்தான் போனார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பியது. மற்றத் தோணிகள் கரைக்கு வந்துவிட்டன. இவர்களுடையது வரவில்லை. மறுநாள் அலை கொஞ்சம் அடங்கியதும் ஆட்கள் போய்த் தேடினார்கள். அந்தக் காலத்து நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். திருக்கோவில், வினாயகபுரம் வரைக்கும் ஆள் அனுப்பி விசாரித்தோம். அங்கே கரைவலை போடும் தமிழர்கள் கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, ஒரு பலகைத்துண்டுகூட ஒதுங்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொத்துவிலையும் தாண்டினால் காடு. காட்டையும் தாண்டினால் சிங்களக் கரை. அந்த வருடங்களில் அம்பாறைப் பக்கம் இனத்தின் பேரில் நடந்த அடிதடியும் தீ வைப்பும் யாருக்கும் மறந்திருக்கவில்லை. உம்மா முதல் நாள், அவர்களை எங்காவது ஒரு கரையில் சேர்த்துவிடு என்று துஆக் கேட்டார். அடுத்த நாள் அந்த எங்காவது என்ற சொல் அவருக்கே பயமாகிவிட்டது. பிறகு எதைக் கேட்பதென்று தெரியாமல் கையை ஏந்திக்கொண்டு சும்மா இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பின்னேரம், கந்தோரில் கருவி எங்கள் நிலையத்தைக் கூப்பிட்டது. பதில் கொடுத்துவிட்டுத் தாளை இழுத்தேன். தெற்குக் கரையில் ஒரு சிறிய சிங்கள ஊரின் பெயர் வந்தது. அனுப்பியது அங்குள்ள பொலிஸ். பெறவேண்டியது கல்முனைப் பொலிஸ். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கிலம்தான். 'கல்முனை மீனவர் இருவர் இங்கே கரை சேர்ந்தனர்' என்பதை எழுதும்போதே அடுத்த வரிக்குத் தாளை நகர்த்தினேன். அடுத்து வந்தது: 'பிறதர் இன் லோ இறந்தார். மற்றவர் ஆசுபத்திரியில். குடும்பத்துக்கு அறிவிக்கவும்.'

பிறதர் இன் லோ என்றால் மச்சான். என் மச்சான் மௌத்தாகிவிட்டார் என்று எனக்கே சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் அனுப்பவேண்டும். அதைக்கூட இரண்டு தரம் பிழையாக அடித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்? இந்தச் சொல் பிழைத்தவரின் வாயிலிருந்து வந்திருக்கிறது. மச்சான் போய்விட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறார். யாரோ அதை ஆங்கிலத்தில் மாற்றியிருக்கிறார்கள். பிழைத்தவர் மச்சானாக இருந்தால் இறந்தவர் காக்கா. பிழைத்தவர் காக்காவாக இருந்தால் இறந்தவர் மச்சான். இரண்டுக்கும் அந்தச் சொல் அச்சாகப் பொருந்தியது.

தபாலதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். தாளை வாங்கி வாசித்தார், என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். அவரே எழுந்து வந்து என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பதில் கேட்டு ஒரு தந்தி எழுதினார். நல்ல கந்தோர் ஆங்கிலம். இறந்தவரினதும் உயிர் தப்பியவரினதும் அடையாளத்தைத் தயவுகூர்ந்து நிச்சயித்து விரைவில் தெரியப்படுத்தவும் என்பது அதன் கருத்து. வெள்ளைக்காரத் துரைக்கு எழுதினால் ஒரு குறையும் சொல்லமாட்டார். நான் அதை அனுப்பிவிட்டு, வந்த தந்தியைக் கொண்டு பொலிசுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு சிங்களக் கொன்ஸ்டபிள். ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான். கடைத்தெருவில் தமிழ் பழகிக்கொண்டிருந்தார். அவரும் ஆங்கிலத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிற ஆள்தான். இரண்டு தரம் வாசித்துவிட்டு, குடும்பத்துக்கு அறிவிக்கவேண்டும், என் தமிழ் போதாது, நீங்களும் வாருங்கள் என்றார். அந்தக் குடும்பம் என்னுடையதுதான் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னோடு நடந்து வந்தார். பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்குள் வருவதைக் கண்டதும் வழியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

ராத்தாவின் வீட்டில் மச்சானின் தங்கையும் இருந்தாள். காணாமற்போன நாளிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். நான் தந்தியைத் தமிழில் சொன்னேன். ஒருவர் மௌத்து, ஒருவர் ஆசுபத்திரியில், யார் எவர் என்று தெரியவில்லை. ராத்தா அழவில்லை. மச்சானின் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி நினைப்பது மற்றவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. தன் கணவர் பிழைக்கவேண்டும் என்று நினைத்தாலே மற்றவளின் கணவரைக் கொன்றது போலாகிவிடும்.

மச்சானின் தங்கைதான் முதலில் கதைத்தாள். தன் தமையனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். "தம்பி, எது வந்தாலும் எனக்கு மௌத்துதான். ஒண்டு நானா, ஒண்டு புருஷன். நான் அல்லாஹ்க்கிட்ட என்னண்டு கேக்கிற?"

கொன்ஸ்டபிள் வேலிக் கடப்படியிலேயே நின்றார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் பதில் வந்தது. 'இறந்தவர் பெயர் மச்சான். மற்றவருக்குக் காய்ச்சல். கதைப்பதில்லை.'

அவர்கள் அதை ஒரு பெயர் என்று எடுத்திருந்தார்கள். அடையாளம் என்ற சொல்லுக்குப் பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கேள்விப்பட்ட ஒரே சொல்லைப் பெயராக எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. நேரே போய்ப் பார்க்கலாமென்றால் பொத்துவிலுக்கு அப்பால் வெள்ளம் வீதியை அறுத்துவிட்டது. பஸ் ஓடவில்லை. ஆசுபத்திரியில் கிடக்கிறவரும் அதற்குள் போய்விட்டால், யார் எப்போது போனார் என்பதே தெரியாமல் போய்விடும். கணவனை இழந்தவள் அலங்காரம் விட்டு வீட்டுக்குள் இருக்கும் இத்தாவை ராத்தா இருக்கவேண்டுமா, மச்சானின் தங்கை இருக்கவேண்டுமா, யாருக்காக ஜனாஸாத் தொழுவது? பள்ளிவாசலில் இருந்து வந்து கேட்டார்கள்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போகுமுன் ராத்தாவிடம், மச்சானைத் தெரியாத ஒருவர் பார்த்தவுடன் கண்டுபிடிக்கிற மாதிரி உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதுகில் மச்சம் என்றாள். காலில் ஒரு தழும்பு என்றாள். மச்சம், தழும்பு என்று எழுதினால் அங்கே என்னவாக மாறுமோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"விரலக் கேளன்," என்றாள் ராத்தா. மெல்லிய குரலில், மச்சானின் தங்கைக்குக் கேட்கக்கூடாது என்பது போல. ஆனால் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

மச்சானுக்கு இடது கையில் மோதிரவிரல் இல்லை. கலியாணத்துக்கு முன்பே கரைவலைக் கயிறு சுற்றி இழுத்ததில் அடியோடு போய்விட்டது. காக்காவுக்கு எல்லா விரலும் இருந்தன.

கந்தோரில் உட்கார்ந்து எழுதினேன். உயிர் தப்பியவர் ஒரு விரலை இழந்தவரா என்று தெரிவிக்கவும். எழுதியதை அனுப்பக் கை போனது, ஆனால் அடிக்க மனம் வரவில்லை. இதே போல நல்ல ஆங்கிலத்தில் கேட்டுத்தான் ஒரு நாள் போயிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன். கொன்ஸ்டபிளிடம் கொடுத்து, எனக்கு நீங்கள் உதவி செய்யவேண்டாம், இதை வாசித்து என்ன விளங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் உதட்டை அசைத்து வாசித்தார். "லொஸ்ட் எண்டா துலைஞ்ச தானே," என்றார். "தப்பின ஆள் துலைஞ்சதா? இல்லாட்டி, இப்ப கடல்ல அடிபட்டு வெரல் போனதா?"

நான் பயந்தது இதற்குத்தான். அங்கே இருப்பவரும் இப்படித்தான் நினைப்பார். புதுக்காயம் இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லை என்று எழுதுவார். நாங்கள் அந்த 'இல்லை' என்பதை நம்பி ராத்தாவை இத்தாவில் வைப்போம்.

அங்கேயே அந்த வரியை வெட்டிவிட்டு மாற்றி எழுதினேன். ஒரு விரல் இல்லையா என்று கேட்டேன். கொன்ஸ்டபிள் அதையும் வாசித்தார். விரல் இல்லாவிட்டால் நான் ஓம் என்று சொல்லவேண்டுமா, இல்லை என்று சொல்லவேண்டுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. ஓம், இல்லை என்று பதில் வருகிற எந்தக் கேள்வியும் ஆபத்து. அவர்கள் எதையும் நினைத்துச் சொல்லவேண்டாம், மாற்றிச் சொல்லவேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் சொன்னால் போதும்.

மூன்றாவது தரம் எழுதினேன். விரல்களை எண்ணுங்கள். எண்ணை அனுப்புங்கள். கொன்ஸ்டபிள் வாசித்துக்கொண்டே தன் கையை விரித்து எண்ண ஆரம்பித்தார். ஒரு கையை மட்டும் எண்ணி, ஐந்து என்றார். ஆகவே இரண்டு கைகள் என்று சேர்த்தேன். ஆங்கிலத்தில் பெருவிரலுக்கு வேறு பெயர், விரல் என்றால் அதை விட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம் வந்தது. அதையும் எழுதினேன். கடைசியில் தந்தி இப்படி நின்றது: 'உயிரோடு இருப்பவரைப் பாருங்கள். இரண்டு கைகள். பெருவிரலையும் சேர்த்து விரல்களை எண்ணுங்கள். எண்ணை மட்டும் அனுப்பவும்.' தயவுகூர்ந்து என்ற சொல்கூட இல்லை. தபாலதிபர் பார்த்துவிட்டு, இப்படிக் கட்டளை போல ஒரு பொலிசுக்கு எழுதுவதா என்று தயங்கினார். பிறகு, "போகட்டும் தம்பி, அனுப்பு," என்றார்.

அனுப்பினேன். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க யாருக்கோ வந்த செய்திகளை எழுதினேன். கருவி ஒவ்வொரு தரம் சத்தம் போடும்போதும் முதலில் அந்த ஊரின் பெயரைத்தான் தேடினேன். கந்தோர் பூட்டுகிற நேரம் நெருங்கும்போது அந்த ஊரின் பெயர் வந்தது.

ஒன்றைச் சொன்னால்தான் அடுத்து வந்தது விளங்கும். தந்தியில் எழுத்து என்பது நீண்ட ஒலியும் குறுகிய ஒலியும்தான். ஒன்பது என்பதற்கு ஆங்கிலத்தில் நைன். அதன் முதல் எழுத்து ஒரு நீளம், ஒட்டினாற்போல் ஒரு குறுகல். பத்து என்பதற்கு டென். அதன் முதல் எழுத்து ஒரு நீளம் மட்டும், இரண்டாவது எழுத்து ஒரு குறுகல் மட்டும். ஆக, ஒன்பதும் பத்தும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தால் பத்து, இல்லாவிட்டால் ஒன்பது. இது கேள்வியை எழுதும்போதே எனக்குத் தோன்றியிருந்தால் வேறு விதமாகக் கேட்டிருப்பேன். கருவி நீளமாக ஒலித்தபோதுதான் தோன்றியது.

நீளம். குறுகல். நடுவில் இடைவெளி இருந்ததா? அங்கே கருவியைத் தட்டுபவர் பழகாத ஆள், விட்டு விட்டுத்தான் தட்டுவார். இருந்தது போலும் இருந்தது, இல்லாதது போலும் இருந்தது. நான் தாளில் ஒன்பதின் முதல் எழுத்தைப் போட்டேன். பிறகு மறுபடி ஒரு நீளம், ஒரு குறுகல். அதோடு நின்றது. ஒன்பது என்றால் முதல் எழுத்தை அடுத்து இரண்டு குறுகல் கேட்டிருக்கவேண்டும், இன்னும் எழுத்தும் வரவேண்டும். பென்சிலைத் தாளில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. செய்தி முடிந்ததற்கான அடையாளம் வந்தது. எண் என்றால் திருப்பி ஒரு தரம் அனுப்புவது வழக்கம். அனுப்பினார்கள். இந்த முறை இடைவெளி தெளிவாகக் கேட்டது. நான் போட்ட எழுத்தை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.

தபாலதிபர் என் தோளில் கை வைத்தார். வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். என் முகம் சொல்லியிருக்கவேண்டும். நான் பத்து என்றேன். மச்சானின் தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அது கணவர் பிழைத்ததற்கா, நானாவை இழந்ததற்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ராத்தா நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"நீ கேட்டது அவங்களுக்குச் சரியா வெளங்கிச்சா?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் தந்தியும் எங்களுக்கு விளங்கியதென்றுதானே நினைத்தோம். தெரியாது ராத்தா, என்றேன். அவள் உள்ளே போனாள். நீங்கள் யாராவது கண்ணால் கண்டு வந்து சொன்ன பிறகுதான் இத்தாவுக்கு உட்காருவேன் என்று உள்ளே இருந்தே சொன்னாள். அந்த நாட்களில் அவள் எண்ணெய் வைத்துத் தலை சீவினாள், அவருடைய சாரனைத் துவைத்துக் காயப்போட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் வாப்பாவும் நானும் புறப்பட்டோம். கொன்ஸ்டபிள் சிங்களத்தில் ஒரு துண்டு எழுதித் தந்தார். இவர்கள் கடலில் அகப்பட்ட மீனவர்களின் சொந்தக்காரர், உதவி செய்யுங்கள் என்று அதில் இருக்கிறதாம். யாரும் மறித்தால் கதைக்கவேண்டாம், இதைக் காட்டுங்கள் என்றார். ஆலையடிவேம்பு, திருக்கோவில் வரை பஸ்ஸில் தெரிந்த பேச்சு கேட்டது. பொத்துவிலுக்கு அப்பால் அது குறைந்து, மொனராகலையில் ஏறியவர்கள் எல்லோரும் சிங்களம். வாப்பா தொப்பியைக் கழற்றி மடிக்குள் செருகிக்கொண்டார். வயதான காலத்தில் அவரை வெறுந்தலையோடு வெளியில் கண்டது அன்றைக்குத்தான். பஸ் எங்கே நின்றாலும் அந்தத் துண்டு என் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் வழி முழுக்க அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் எண்ணவே இல்லை என்று நினைத்தேன். யாரோ ஒருவர் கதிரையில் இருந்தபடியே, மனிதனுக்குப் பத்து விரல்தானே என்று எழுதியிருப்பார். அப்படியும் நடக்கும். வாப்பாவும் அதையே நினைத்திருக்கிறார். வெல்லவாயாவில் பஸ் மாறும்போது, அவர்கள் எண்ணித்தான் இருப்பார்களா மகன் என்று கேட்டார்.

அந்த ஆசுபத்திரி ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். துண்டை வாசித்த தாதி எங்களைக் கடைசிக் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள். படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். வெயிலில் வெந்து தோல் உரிந்து, முதுகைப் பார்த்து யாரென்று சொல்ல முடியவில்லை. இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன. ஒரு நல்ல மனிதர் பிழைத்துக் கிடக்கிறார், நான் அந்த விரல்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். வாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

காக்கா திரும்பி எங்களைக் கண்டதும் அழுதார். தோணி கவிழவில்லையாம். குடிக்கிற தண்ணீர்தான் முடிந்துபோனது. கரை கண்ணுக்குத் தெரிந்த காலையில் மச்சான் எழும்பவில்லை. கரையில் ஆட்கள் வந்து இழுத்தெடுத்து, இளநீர் பருக்கி, வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"அவங்க என்னமோ கேட்டாங்க. பேரு கேக்கிறாங்க எண்டு எனக்கு வெளங்கல்ல," என்றார். "நான் மச்சானக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இரிந்தன்."

அடக்கம் செய்த இடத்தைக் காட்ட அந்த ஊர்க் கொன்ஸ்டபிளே வந்தார். கடலுக்கு மேற்கே, தாழங்காட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. நரி தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். முகம் திருப்பி அடக்கவேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் நின்று தொழுதோம். கொன்ஸ்டபிளும், கூட வந்த இரண்டு மீனவர்களும் எட்டத்தில் தொப்பியையும் தலைப்பாகையையும் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களுக்குச் சிங்களத்தில் நன்றி சொல்ல எங்களிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. வாப்பா ஒவ்வொருவருடைய கையையும் பிடித்தார்.

காக்காவை எழுந்து நடக்க விட்டதும் கூட்டிக்கொண்டு வந்தோம். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாடகைக் கார் பிடித்தோம். ஒழுங்கைக்குள் கார் திரும்பியபோது காக்கா என் கையைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

ராத்தா வெளியே வரவில்லை. மச்சானின் தங்கை கடப்படிக்கு ஓடி வந்தாள். முதலில் வாப்பா இறங்கினார், பிறகு நான், கடைசியாகக் காக்கா. அவள் தன் கணவரைக் கண்டாள். கண்டு, ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு அவருடைய தோளுக்கு மேலால் காரின் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.